கண்காட்சிக்கு வெல்ஷ் மட்டக்குதிரை: சடை பின்னவா, அப்படியே விடவா?

கேள்வி, மார்ச் 9

அக்கா, நாங்கள் இங்கிலாந்தில் ஹெரஃபோர்ட் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 11 வயது. போன வருடம் அவளுக்காக ஒரு வெல்ஷ் செக்‌ஷன் ஏ பெட்டைக்குதிரை வாங்கினோம். வெல்ஷ் இனத்தின் மிகச் சின்னப் பிரிவு அது. வெள்ளை நிறம், 7 வயது, உயரம் 11.2 ஹேண்ட். மே மாதம் பக்கத்து ஊர்க் கண்காட்சியில், கையில் பிடித்து நடத்திக் காட்டும் வகுப்பில் இறக்க ஆசை. லாயத்தில் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பிடரியைச் சின்னச் சின்ன சடையாகப் பின்னு, பின்தொடையில் சீப்பை வைத்துக் கட்டம் போடு, நெற்றிப்பட்டைக்கு வெல்வெட் சுற்று, இன்னும் இருபது கிலோ ஏற்று, அப்போதுதான் நடுவர் கண்ணில் படும் என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. அலங்காரம் இல்லாத குதிரை தோற்றுப்போகும். சரிதானே?

மார்ச் 9, இரவு

சரியில்லை தம்பி. நான்குமே தப்பு.

சடை, தொடையில் கட்டம், வெல்வெட் நெற்றிப்பட்டை மூன்றும் ரைடிங் போனி என்கிற மெல்லிய சவாரிக்குதிரைகளின் வகுப்புக்கு உரியவை. உங்கள் பெட்டை போகப்போவது மலைக்காட்டு இனங்களின் வகுப்பு. இங்கே 'மவுண்டன் அண்ட் மூர்லாண்ட்', சுருக்கமாக 'எம் அண்ட் எம்' என்பார்கள். வெல்ஷ், டார்ட்மூர், எக்ஸ்மூர், நியூ ஃபாரஸ்ட், ஃபெல், டேல்ஸ், ஹைலாண்ட், ஷெட்லாண்ட், கனிமாரா எல்லாம் அதற்குள் வரும். அங்கே நடுவர் தேடுவது ஒன்றைத்தான்: இது அந்த இனத்தின் நல்ல குதிரையா? சடை பின்னிக் கொண்டுபோனால், அந்தக் கேள்விக்குப் பதில் தரவேண்டிய பிடரியையே மறைத்துவிடுகிறீர்கள். சாதாரணத் தோல் நெற்றிப்பட்டை போதும்.

11.2 என்பது தசமப் புள்ளி இல்லை, இதைப் பலரும் தப்பாகப் படிக்கிறார்கள். ஒரு ஹேண்ட் 4 அங்குலம். 11 ஹேண்டும் 2 அங்குலமும் சேர்ந்தால் 46 அங்குலம், கிட்டத்தட்ட 117 செ.மீ. செக்‌ஷன் ஏ-க்கு உச்ச வரம்பு 12 ஹேண்ட், அதாவது 121.9 செ.மீ. உங்கள் குதிரை வரம்புக்குள் வசதியாக இருக்கிறது.

மார்ச் 10

இருபது கிலோவைப் பற்றித் தனியாக எழுதணும். இன்று வேலைக்குப் போகணும். அதுவரை தீவனத்தைக் கூட்டாதீர்கள். ஒரு பிடிகூட வேண்டாம்.

மார்ச் 16

இப்போது எழுதுகிறேன். எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

என்னிடம் இருப்பதும் செக்‌ஷன் ஏ பெட்டைதான். லாயத்தில் அவளுக்குப் பெயர் மல்லி. பதிவுப் புத்தகத்தில் வெல்ஷில் ஒரு நீளமான பெயர் இருக்கிறது. அவளை முதன்முதலாக வளையத்துக்குள் கொண்டுபோன வருடம், ஒரு சின்ன ஊர்க் கண்காட்சியில் ஏழு குதிரைகளில் ஆறாவதாக நின்றோம். மேலே நின்ற ஐந்தில் நான்கு அவளைவிடக் குண்டு. கழுத்தின் மேல்விளிம்பு தடித்து, முதுகு நடுவில் பள்ளம் விழுந்து, இடுப்பு ஆப்பிள் மாதிரி உருண்டிருந்தது. வெளியே வந்ததும் ஒருவர் என்னிடம், "உன் குதிரைக்கு மேல்பக்கம் இன்னும் கொஞ்சம் சதை ஏறணும்" என்றார். நான் நம்பினேன். வாயில்லாத ஒரு ஜீவனைப் பற்றி யாரோ சொன்ன ஒரு வரியை, அவளை நாள்தோறும் பார்க்கிற நான் நம்பினேன்.

அந்தக் கோடை முழுக்கப் பச்சைப் புல், மாலையில் தீவனம், குளிர்காலத்தில் போர்வை. குளிரில் மலைக்குதிரை எடை குறைவது இயற்கை. அதையும் நடக்கவிடாமல் தடுத்துவிட்டேன். அடுத்த ஏப்ரலில் ஒரு காலை வயலுக்குப் போனபோது முன்கால் இரண்டையும் முன்னே நீட்டி, உடம்பைப் பின்னால் சாய்த்து, குதிகாலில் பாரம் போட்டு நின்றாள். கூப்பிட்டேன், வரவில்லை. குளம்பைத் தொட்டால் சுட்டது. குளம்புக்கு மேலே விரல் வைத்தால் நாடி துடிப்பது தெளிவாகத் தெரிந்தது. லாமினைடிஸ். குளம்பின் வெளிச்சுவரையும் உள்ளே இருக்கிற எலும்பையும் பிடித்துவைத்திருக்கும் திசு வீங்கிப் பிடி தளர்கிற நோய். முற்றினால் எலும்பு சுழன்று கீழே இறங்கும். அவளுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. மருத்துவர் அன்றே வந்தார். புல்லிலிருந்து உடனே எடுக்கச் சொன்னார். தடிமனாக மரத்தூள் பரப்பிய அறை, வலிமருந்து, சர்க்கரை குறைய ஊறவைத்து வடித்த உலர்புல். அவள் எடை அப்போது 240 கிலோ, ஒரு நாளைக்கு 3.6 கிலோ உலர்புல் என்று தராசில் நிறுத்துப் போட்டேன். மூன்று மாதம் அந்த அறைக்குள்ளேயே இருந்தாள். மேலே மலையில் மற்றக் குதிரைகள் மேய்வதைக் கதவுக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அதனால்தான் மார்ச் 10-ல் அவ்வளவு அவசரமாக எழுதினேன்.

உங்கள் பெட்டையின் விலாவில் கையை வைத்துத் தடவுங்கள். எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, லேசாக அழுத்தினால் கைக்குத் தட்டுப்படணும். கழுத்தின் மேல்விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்து ஆட்டிப்பாருங்கள், அது ஆடணும். கெட்டியாக நின்றால் ஏற்கெனவே கூடுதல். இங்கே உடல் நிலைக்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போடும் முறை ஒன்று உண்டு. அதில் 3-ஐ ஒட்டி இருந்தால் போதும். எடை நாடா வாங்கி வாரம் ஒருமுறை ஒரே நேரத்தில் அளந்து எழுதிவையுங்கள். கிலோ கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

மார்ச் 17

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. "ஏறணும்" என்று அந்தக் கண்காட்சியில் அவர் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. மல்லிக்கு முதுகில் தசை போதவில்லைதான். அது தீவனத்தால் வராது, நடையால் வரும். இப்போது வாரத்துக்கு நான்கு நாள், நாற்பது நிமிடம், மேடு பார்த்துக் கையில் பிடித்து நடக்கிறோம். வயிறு உள்ளே போனது, கழுத்து தானாக வளைந்தது. உங்களுக்கு மே வரை எட்டு வாரம் இருக்கிறது. இன்றே ஆரம்பிக்கலாம்.

மார்ச் 24

நடுவர் முன்னால் குதிரையை எப்படி நிறுத்திக் காட்டுவது என்று கேட்டீர்கள். இதில்தான் அதிகம் பேர் கோட்டைவிடுகிறார்கள்.

நடுவர் பக்கத்திலிருந்து பார்க்கும்போது நான்கு காலும் தெரியணும். அதற்கு, அவருக்கு அருகில் இருக்கிற முன்காலும் பின்காலும் அகன்று நிற்கணும், அந்தப்பக்கத்துக் கால்கள் இரண்டும் சற்று உள்ளே இருக்கணும். முதலில் இடப்பக்கம் பார்ப்பார். பிறகு சுற்றி வலப்பக்கம் போவார். அவர் குதிரையின் பின்னால் வரும்போதே, ஓர் அடி முன்னேயோ பின்னேயோ எடுக்கவைத்துக் கால்களை மாற்றிவிடணும். மகள் இதைத் தினமும் ஐந்து நிமிடம் பழகட்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குதிரைக்குச் சலித்துவிடும்.

இடத்தைத் தேர்ந்து நிறுத்துங்கள். முன்கால் துளி மேட்டில் இருந்தால் தோள் சாய்வு நன்றாகத் தெரியும். முன்கால் பள்ளத்தில் இருந்தால் எப்பேர்ப்பட்ட குதிரையும் தலைகுப்புற விழப்போவது போலத் தெரியும். உயர்ந்த புல்லில் நிறுத்தினால் குளம்பும் கணுக்காலும் மறைந்துவிடும்.

மகள் குதிரைக்கு முன்னால், ஒரு கை தூரத்தில், எதிர்முகமாக நிற்கட்டும். காது முன்னே வரணும் என்றால் ஒரு பிடி புல்லைக் கசக்கிச் சத்தம் காட்டினால் போதும். தின்னக் கொடுத்தால் அப்புறம் பையையே தேடிக்கொண்டிருக்கும். செக்‌ஷன் ஏ-யின் அழகே அந்தச் சின்னக் காது, பெரிய கண், லேசாகக் குழிந்த முகம். காது படுத்திருந்தால் பாதி குதிரை காணாமல் போய்விடும்.

ஏப்ரல் 2

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: நடுவர் சுழி பார்ப்பாரா?

நல்ல கேள்வி. நம் ஊரில் மாடோ குதிரையோ வாங்கும்போது பெரியவர்கள் முதலில் தேடுவது சுழியைத்தானே. இங்கே வளையத்துக்குள் சுழிக்கு மதிப்பெண்ணும் இல்லை, கழிவும் இல்லை. ஆனால் சுழியை யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்துவிடாதீர்கள். குதிரையின் பாஸ்போர்ட்டைத் திறந்தால் குதிரையின் கோட்டுருவம் ஒன்று இருக்கும். அதில் நெற்றி, கழுத்து என்று எங்கெங்கே சுழி இருக்கிறதோ அங்கெல்லாம் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். ஒரே நிறக் குதிரைகளுக்கு அதுதான் கைரேகை. மல்லியின் பாஸ்போர்ட்டில் அதை முதலில் பார்த்தபோது தாத்தாவுக்குக் காட்ட முடியவில்லையே என்று இருந்தது.

ஏப்ரல் 6

கத்தரியால் மயிரை வெட்டலாமா என்று கேட்டதற்கு ஒரே வரியில், "எதையும் வெட்டாதீர்கள்" என்று பதில் போட்டிருந்தேன். திருத்துகிறேன். அது எல்லா இனத்துக்கும் பொருந்தாது.

ஃபெல், டேல்ஸ், ஹைலாண்ட், ஷெட்லாண்ட், எக்ஸ்மூர், இவற்றில் கைவைக்கக் கூடாது. பிடரி எவ்வளவு நீளமோ அவ்வளவும் தொங்கணும். 2022 ஏப்ரலில், எலிசபெத் மகாராணியின் 96-ஆம் பிறந்தநாளுக்கு வெளியான படத்தைத் தேடிப்பாருங்கள். இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளை ஃபெல் குதிரைகள். அந்தப் பிடரி எப்படித் தொங்குகிறது என்று பார்த்தால் நான் பக்கம் பக்கமாக எழுதவேண்டியதில்லை.

செக்‌ஷன் ஏ, பி இரண்டிலும் கொஞ்சம் ஒழுங்குபடுத்துவது வழக்கம். பிடரி மிகவும் அடர்த்தியாக இருந்தால் உள்பக்கத்திலிருந்து சில மயிர்களைக் கையால் இழுத்து மெலிதாக்குவார்கள். கத்தரியால் நேர்கோடாக வெட்டினால் துடைப்பம் மாதிரி ஆகிவிடும். தாடைக்குக் கீழே நீண்டு தொங்கும் மயிரையும், சேற்றில் இழுபடாதபடி வாலின் நுனியையும் லேசாகச் சரிசெய்யலாம். காதுக்குப் பின்னால் ஒரே ஒரு மெல்லிய சடை போட்ட வெல்ஷ் குதிரைகளையும் பார்த்திருக்கிறேன். கழுத்தின் தொடக்கம் தெளிவாகத் தெரிவதற்காக. அது வேறு, வரிசையாகப் பின்னுவது வேறு.

முகத்தின் தொடுமயிரை விட்டுவிடுங்கள். மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மயிரால்தான் குதிரை தன் மூக்குக்குக் கீழே இருப்பதை அறிகிறது. பன்னாட்டுக் குதிரையேற்றச் சம்மேளனம் தன் போட்டிகளில் அதை மழிப்பதை 2021 ஜூலை 1 முதல் தடை செய்துவிட்டது.

ஃபெல் விஷயத்தில் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவின் ஃபெல் குதிரையைத் தயார்செய்ய உதவப் போய், குதிகாலுக்குப் பின்னால் தொங்கிய மயிர் சேறாக இருந்ததே என்று வெட்டிச் சுத்தமாக்கிவிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. போட்டிக்கான பெயரை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். கோடையில் ஃபெல்லின் கால் மயிர் தானாகவே கொஞ்சம் உதிரும், ஆனால் குதிகால் முனையில் இருக்கிற அந்த மென்மயிர் மட்டும் நிற்கணும். நான் வெட்டியது அதைத்தான். அது பழையபடி வளர ஒரு வருடம் ஆனது. அதுவரை ஒவ்வொரு ஞாயிறும் போய் அந்தக் காலைக் கழுவித் துடைத்துக்கொடுத்தேன்.

ஏப்ரல் 20

குளியல். வெள்ளைக்குதிரை வைத்திருப்பவர்களின் நிரந்தரக் கவலை.

ஷாம்பு போட்டு முழுக் குளியல் கண்காட்சிக்கு மூன்று நான்கு நாள் முன்னால். முந்தின நாள் குளிப்பாட்டினால் இயற்கை எண்ணெய் போய், பிடரி பஞ்சு மாதிரி பறக்கும், மேனியில் மினுக்கம் இருக்காது. ஊதா நிற ஷாம்பு மஞ்சள் கறையை எடுக்கும். ஊறவிட்டுவிட்டுத் தொலைபேசி பேசப் போகாதீர்கள், குதிரை இளம் ஊதாவாக நிற்கும். முந்தின நாள் வால், கால், முழங்காலில் இருக்கிற பச்சைக்கறை, அவ்வளவுதான். இரவு மெல்லிய பருத்திப் போர்வை. வாலைப் பின்னி, பழைய காலுறை ஒன்றில் போட்டுக் கட்டிவிடுங்கள்.

கால் நன்றாகக் காய்ந்தபிறகு வெள்ளைக் கட்டியோ மெல்லிய மரமாவோ தேய்த்து உதறிவிடலாம். குளம்புக்கு நிறமில்லாத எண்ணெய். கறுப்பு வேண்டாம்.

மினுக்கத் தைலம் தெளிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வாலுக்கு மட்டும் தெளியுங்கள். சேணம் வைக்கிற இடத்தில் பட்டால் சேணம் வழுக்கும். உங்களுக்குக் கையில் பிடிக்கும் வகுப்புதான், இருந்தாலும் பழக்கமாகிவிடக் கூடாது.

எக்ஸ்மூர் வைத்திருப்பவர் ஒருவரும் இந்த இழையைப் படிக்கிறார் போல. உங்களுக்கு: மூக்கிலும் கண்ணைச் சுற்றியும் எண்ணெயோ கறுப்பு மையோ தடவாதீர்கள். மாவு தூவியது போன்ற அந்த மூக்கும், கண்ணைச் சுற்றிய வெளிர் வளையமும்தான் அந்த இனத்தின் அடையாளம். மற்றபடி உடம்பில் ஒரு வெள்ளைப் பொட்டுகூட இருக்கக் கூடாத இனம் அது.

ஏப்ரல் 21

மழை வரும் என்றால் வெள்ளைக் கட்டியைத் தொடவே தொடாதீர்கள். பசையாகி ஒழுகும். இதை நேற்றே எழுதியிருக்கணும்.

மே 10

நாளை உங்கள் நாள். மகளிடம் இதைப் படித்துக்காட்டுங்கள்.

கடிகாரச் சுற்றில் எல்லோரும் நடப்பீர்கள். முன்னால் போகிற குதிரைக்கும் உனக்கும் நடுவே ஒரு குதிரை நீளத்துக்கு மேல் இடம் விடு. வலக்கையில் தலைவார், இடக்கையில் அதன் மீதியும் குச்சியும். நீ குதிரையின் தோளோடு நட. முன்னால் போய் இழுத்தால் அது தலையைத் தூக்கி முதுகைப் பள்ளமாக்கும்.

பிறகு வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக அழைப்பார்கள். நிறுத்திக் காட்டு. நடுவர் தலையசைத்ததும் அவரிடமிருந்து நேராக நடந்து போ. திரும்பும்போது குதிரையை உன்னைவிட்டு விலக்கி வலப்பக்கமாகத் திருப்பு, நீ வெளிப்பக்கம் சுற்றி வா. உன் பக்கம் இழுத்துத் திருப்பினால் அது உன் காலை மிதிக்கும், நடுவருக்கும் நீதான் தெரிவாய். திரும்பியதும் இரண்டு அடி நேராக நடக்கவிட்டு, அப்புறம் ஓட்டம். நேராக நடுவரை நோக்கி, அவரையும் தாண்டி ஓடு. திரும்பிக் குதிரையின் முகத்தைப் பார்க்காதே. செக்‌ஷன் ஏ தோளிலிருந்து விரித்து, முழங்காலை மடக்கி, விரைந்து ஓடும். நீ மெதுவாக ஓடினால் அதனால் அதைக் காட்ட முடியாது. ஓடக்கூடிய காலணி போட்டுக்கொள். ட்வீட் கோட், கையுறை, தலையில் கடினத் தொப்பி.

ரிப்பனில் சிவப்பு முதல் பரிசு, நீலம் இரண்டாவது, மஞ்சள் மூன்றாவது. நீலம் கிடைத்தால் முதல் என்று நினைத்துக் குதிக்கவேண்டாம், இரண்டாவதுக்கும் குதிக்கலாம்.

மே 12

படம் பார்த்தேன். ஒன்பதில் நான்காவது! பச்சை ரிப்பனை அந்தப் பெண் நெஞ்சோடு பிடித்திருப்பதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிடரி இயற்கையாகத் தொங்குகிறது, வயிறு அளவாக இருக்கிறது. உங்களுக்கு மேலே நின்ற மூன்றில் ஒன்று குண்டுதான், நானும் பார்த்தேன். அந்தக் குதிரைக்காகக் கவலையாக இருக்கிறது. அதைப் பார்த்து இரவில் தீவனப் பாத்திரத்தைத் தூக்காதீர்கள்.

மூன்றாவது படத்தில் இடப் பின்கால் உடம்புக்கு அடியில் போய்விட்டது. அதனால் பின்பாகம் சரிந்த மாதிரித் தெரிகிறது, உண்மையில் அப்படி இல்லை. அந்தக் காலை அரை அடி பின்னே எடுக்கவைத்திருந்தால் போதும்.

ஜூலை 27

இந்த வாரம் லானல்வெத்தில் ராயல் வெல்ஷ் கண்காட்சிக்குப் போய்வந்தேன். இழைக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று ஆரம்பித்தேன், தொடர்பு இருக்கிறது.

புதன்கிழமை செக்‌ஷன் டி, அதாவது வெல்ஷ் காப் பொலிகுதிரைகள் வளையத்துக்குள் வந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து கத்தியது. பிடித்து ஓடுகிறவர்கள் உயிரைக் கொடுத்து ஓடுகிறார்கள். ஒருவருக்கு அறுபது வயதுக்குக் குறையாது. அவர் ஓட்டத்துக்கும் குதிரை ஓட்டத்துக்கும் நடுவே அந்தத் தலைவார் ஒரு தடவைகூட விறைக்கவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

செக்‌ஷன் ஏ வகுப்பில் வேலி ஓரமாக நின்று குறிப்பெடுத்தேன். முன்வரிசையில் நின்ற பெட்டைகளில் இரண்டு, அளவான உடம்பு. விலாவின் கோடு கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் ஓடும்போது தசை நகர்வது தெரிந்தது. மார்ச்சில் நான் எழுதியதை விடக் கொஞ்சம் நம்பிக்கையோடு இதை எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 3

மகள் கேட்டிருக்கிறாள், மல்லி மறுபடி வளையத்துக்கு வருவாளா என்று. வருவாள் கண்ணு. செப்டம்பரில் ஒரு சின்னக் கண்காட்சி இருக்கிறது. இப்போது 212 கிலோ. நேற்று ஓடவிட்டுப் பார்த்தேன், காது முன்னே இருந்தது. உன் பெட்டையையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டையும் சேர்ந்து குளிப்பாட்டலாம். ஊதா ஷாம்பு என்னிடம் இருக்கிறது, வாங்கவேண்டாம்.